பரையா: தொண்டை மண்டலத்திலிருந்து உலகச் செய்திக்குப் போன சொல்

ஆங்கிலப் பத்திரிகைகளின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் 'பரையா ஸ்டேட்' என்ற தொடர் அடிக்கடி தென்படும். மற்ற நாடுகள் உறவு கொள்ளக் கூசும் நாடு, உலக அரங்கில் ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு என்பது அதன் பொருள். வட கொரியா, இராணுவ ஆட்சியில் இருந்த மியான்மர், சதாம் உசேனின் இராக் எல்லாம் இந்தப் பெயரைச் சுமந்திருக்கின்றன. 2019 நவம்பரில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் விவாத மேடையில் சவூதி அரேபியாவை அப்படியொரு நாடாக்கப்போவதாக ஜோ பைடன் சொன்னார். 2022 பிப்ரவரியில், உக்ரைன் மீது படையெடுத்த புதினுக்கும் அதே சொல்லைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு ஜூலையில் அவர் ஜித்தாவுக்குப் போனபோது, பழைய பேச்சை நினைவூட்டாத செய்தி நிறுவனம் அநேகமாக இல்லை. தலைப்பில் இடம் குறைவு. குற்றம், அதற்கான தண்டனை, உலகத்தின் அருவருப்பு மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட முடிவதால் உதவி ஆசிரியர்களுக்கு இந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம் உண்டு.

அந்தச் சொல் தமிழ்நாட்டில் இன்றும் வாழும் மக்களின் பெயர். 'பறையர்' என்பது ஐரோப்பிய நாக்குகளில் உருமாறி, ஐந்நூறு ஆண்டுகளில் உலகப் பொதுச்சொல்லானது. இந்தப் பயணத்தின் முக்கியமான கட்டம் ஒன்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிப்பாசன ஊர்களின் நிலப் பிரச்சினையோடு பிணைந்தது.

பெயரின் வேர் பறை என்னும் தோற்கருவி என்பதே பெரும்பாலோர் கொள்வது. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைக் குறிப்பிடுகிறார். அங்கே இழிவின் சாயல் சிறிதும் இல்லை. 'பறை' என்ற சொல்லுக்குப் பேச்சு என்ற பொருளும் உண்டு. மலையாளத்தில் 'பறயுக' என்றால் இன்றும் சொல்லுதல்தான். கருவியும் அறிவிப்பும் தமிழில் ஒரே சொல்லுக்குள் இருந்தன. 'பறைசாற்றுகிறது' என்று இன்றைய நாளிதழ் எழுதும்போதும் இந்தப் பழைய உறவுதான் பேசுகிறது. அச்சு வருவதற்கு முன் ஊருக்குள் செய்தி வந்த வழி இது. ஏரி மதகு திறக்கும் நாள், மீன்பாசி ஏலம், வரி கட்டக் கடைசித் தேதி, திருவிழாக் காப்புக்கட்டு எல்லாம் தண்டோராவாகவே தெருத்தெருவாகப் போயின. செய்தியைச் சுமந்து போனவருக்குக் களத்து நெல்லில் சிறு பங்கு உண்டு. ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கும் உரிமை இல்லை. தமிழ்நாட்டில் இந்த முறைக்கு முடிவு கட்டும் அரசு உத்தரவு மிகத் தாமதமாக, 2022 ஆகஸ்டில்தான் வந்தது. தண்டோராவை நிறுத்திவிட்டு, அறிவிப்புகளை ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில் செய்யும்படி தலைமைச் செயலர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். பறை மட்டும் இதற்குள் வேறொரு மரியாதையைத் தேடிக்கொண்டுவிட்டது. 2025இல் அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பறையர் எல்லோரும் பறையடித்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தொண்டை மண்டலத்தில் அவர்களில் பெரும்பாலோர் நெல்வயலில் உழைத்தவர்கள். தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்துச் சொல்வது மரபு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையோரம் பெரிய ஏரியுடன் இருக்கும் தாமல், அவற்றுள் ஒன்றான தாமல் கோட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஊர். இப்படிப்பட்ட ஏரிப்பாசன ஊர் ஒவ்வொன்றும் இரண்டாக இருந்தது. கோயிலும் நிலக்காரர் வீடும் உள்ள பகுதி ஊர். உழைப்பவர்கள் குடியிருந்தது சேரி. 'சேரி' என்ற சொல்லுக்கு ஆதியில் தாழ்வு கிடையாது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளில் சேரி என்பது பிராமணர் குடியிருப்பின் ஒரு பிரிவு. அங்கே பன்னிரண்டு சேரிகள் இருந்தன. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவை வேண்டும். மக்களாட்சியின் தொட்டில் என்று செய்திகள் கொண்டாடும் அந்தக் குடத்துக்குள், வயலில் இறங்கியவன் பெயர் விழ வழியே இருக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட இடங்களை வரிசைப்படுத்தும்போது ஊர்நத்தம், பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியாகக் குறிக்கின்றன. ஒதுக்கம் அதற்குள் நில அளவையிலேயே ஏறிவிட்டிருந்தது.

ஐரோப்பியர்களில் இந்தப் பெயரை முதலில் பதிவுசெய்தவர்களுள் போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசா ஒருவர். அவர் நூல் 1516ஐ ஒட்டியது. ஆங்கிலத்தில் 1613இல் சாமுவேல் பர்ச்சாஸ் தொகுத்த பயண நூலில் சொல் இடம்பெறுகிறது. புனித ஜார்ஜ் கோட்டை எழுந்த பிறகு வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலுக்கும் குதிரைக்கும் ஆளாக வந்தவர்களில் பலர் பறையர். ஆங்கிலேயர் அன்றாடம் முகம் பார்த்த, ஒதுக்கப்பட்ட சாதி இதுதான். அதனால் ஒரு குறிப்பிட்ட சாதியின் பெயரை, சாதிக்கு வெளியே தள்ளப்பட்டவர் எல்லோருக்கும் பொதுப்பெயராக அவர்கள் ஆக்கிக்கொண்டார்கள். அதோடு நிற்கவில்லை. தெருநாய் 'பரையா நாய்' ஆயிற்று. கரும்பருந்து 'பரையா பருந்து' ஆயிற்று. மட்டமான நாட்டுச் சாராயத்துக்கும் அதே அடைமொழி. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இவற்றையெல்லாம் பட்டியலிடுகிறது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஐரோப்பியர்கள் சொல்லைத் தவறாகக் கையாளுகிறார்கள் என்பது அந்த அகராதியின் பதிவிலேயே வருகிறது. அகராதி திருத்தியது, வழக்கு திருந்தவில்லை.

பொதுச்சொல்லாக அது சிறகு முளைத்தது பிரான்சில். 1791இல் பெர்னார்தென் த சென்-பியேர் 'இந்தியக் குடிசை' என்ற குறுங்கதையை வெளியிட்டார். உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஆங்கில அறிஞர் ஒருவர் அதை மடாதிபதிகளிடம் காணாமல், மழைக்கு ஒதுங்கிய ஒரு பரையாவின் குடிசையில் காண்கிறார். பிரெஞ்சுப் புரட்சியின் காலம் அது. பிறப்பால் உயர்வு என்பதை உடைக்க ஐரோப்பாவுக்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. பாத்திரம் கிடைத்ததும் நாடகக்காரர்கள் விடவில்லை. 1821இல் கசிமிர் தெலவீன் பாரிஸ் மேடையில் 'பரையா' நாடகத்தை ஏற்றினார். 1823இல் பெர்லினில் அதே தலைப்பில் மிகாயேல் பேர் எழுதிய நாடகம் அரங்கேறியது. அவர் யூதர், பார்த்தவர்களுக்கு யூதர்களின் நிலையே நினைவுக்கு வந்தது. 1829இல் நேப்பிள்ஸில் தொனிசெத்தியின் இசைநாடகம் வந்தது. இவர்கள் யாரும் இந்தியாவைப் பார்த்ததில்லை.

கதேயின் 'பரையா' கவிதைகள் தனிக் கவனத்துக்கு உரியவை. 1824இல் வெளியான அவற்றின் நடுப்பகுதிக்குக் கரு, பிரெஞ்சுப் பயணி பியேர் சொன்னேரா 1782இல் அச்சிட்ட பயண நூலில் உள்ள மாரியாத்தாள் கதை. முனிவரின் மனைவி தலை வெட்டப்படுகிறாள். மகன் அவளை உயிர்ப்பிக்கும் அவசரத்தில் ஒதுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருத்தியின் உடலில் தாயின் தலையைப் பொருத்திவிடுகிறான். படவேட்டு ரேணுகாம்பாளைச் சுற்றி வழங்கும் அதே கதைதான். தொண்டை நாட்டின் எந்த மாரியம்மன் கோயில் கூத்திலும் கேட்கக் கிடைக்கும் கதை வைமார் நகரத்துக்குப் போய் ஜெர்மன் கவிதையாயிற்று. இந்த இலக்கியங்களில் பரையா நல்லவன், குற்றமற்றவன், அறிவாளி. சொல்லுக்கு இரக்கம் ஒட்டியிருந்த காலம் அது. 1838இல் பெண்ணுரிமைப் போராளி ஃப்ளோரா திரிஸ்தான் தம் பயண நூலின் தலைப்பிலேயே தம்மைப் பரையா என்று அழைத்துக்கொண்டார். பிறகு மாக்ஸ் வேபர் யூத இனத்தைக் குறிக்கும் சமூகவியல் கலைச்சொல்லாக இதை ஆண்டார். ஹன்னா அரெண்ட் 1944இல் அதே பொருளில் புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்.

ஐரோப்பா பரையாவுக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது செங்கல்பட்டில் நிலைமை வேறு. மிராசு முறை மிக இறுக்கமாக இருந்த மாவட்டம் அது. ஊரின் நிலம் முழுவதிலும், தரிசு உட்பட, மிராசுதாரர்களுக்கு முன்னுரிமை. பண்ணையாள் ஒருவன் தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து மனு போட்டால், மிராசுதாரர் ஆட்சேபித்து அதைத் தாமே வாங்கிக்கொள்ளலாம். வாங்கிவிட்டுப் பயிர் செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. சேரி மனைகளும் மிராசுதாரர் கையில் இருந்ததால், கூலி போதவில்லை என்று வாய் திறந்தவன் குடிசையை இழக்க வேண்டியிருந்தது. கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் இந்த நிலையை எழுத்தில் கொண்டுவந்தார்கள். மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியர் ஜே. எச். ஏ. திரமென்ஹீர், பறையர் நிலை குறித்த நீண்ட அறிக்கையை 1891இல் அரசுக்கு அனுப்பினார். கூலிக்காரருக்கு நிலம் கொடுத்தால் வயலுக்கு ஆள் கிடைக்காது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 1890களில் 'பரையா பிரச்சினை' என்பது சென்னை ஆங்கிலப் பத்திரிகைகளில் வழக்கமான தொடராயிற்று. வரலாற்றாசிரியர் ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூலுக்கு அந்தத் தொடரையே தலைப்பாக வைத்தார். பிரச்சினை மிராசுதாரருடையது, நில உரிமையுடையது. தலைப்பில் மாட்டிக்கொண்டது பாதிக்கப்பட்டவரின் பெயர்.

அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் வருவாய்த்துறை ஆணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்க அது வழி செய்தது. பஞ்சமி நிலம் என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் பல ஊர்களில் கை மாறியது. நூறாண்டு கழித்து 1994 அக்டோபர் 10இல், காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தின்போது செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

அரசு ஆணை வந்த மறு ஆண்டு, 1893 அக்டோபரில், சென்னையில் ஒரு தமிழ் இதழ் பிறந்தது. பெயர் 'பறையன்'. நடத்தியவர் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். நான்கு பக்கம், விலை இரண்டணா. முதலில் மாத இதழாக வந்தது, மூன்றே மாதங்களில் வார இதழானது. எந்தப் பெயரைச் சொல்லி அவமதிக்கிறார்களோ அந்தப் பெயரோடு வெளியே வந்து நின்றால்தான் உரிமை கேட்க முடியும் என்பது சீனிவாசனின் நிலைப்பாடு. பெயரை ஒளித்துக்கொண்டு தனி மனிதன் முன்னேறலாம், கூட்டம் முன்னேறாது என்று அவர் கண்டார். 1900 வரை இதழ் நடந்தது. பிறகு அவர் தென்னாப்பிரிக்கா போய் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஊர் திரும்பிச் சட்டமன்ற உறுப்பினராகி, அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அமர்ந்தார்.

இந்தப் பெயரை அடியோடு மறுத்தவர் அயோத்திதாசர். சீனிவாசனின் தங்கையை மணந்த உறவினர் என்பதால், வாதம் ஒரே குடும்பத்துக்குள் நடந்தது. 'பறையன்' என்பது பௌத்தர்களாக இருந்த மக்கள்மீது பகைவர்கள் ஒட்டவைத்த பெயர், அதை ஏற்பது பகைவன் பேச்சை ஏற்பதாகும் என்று அவர் கருதினார். 1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து தாம் தொடங்கிய வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார்; மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. 1869இன் 'சூரியோதயம்' தொடங்கி ஒடுக்கப்பட்டோர் நடத்திய தமிழ் இதழ்களின் நீண்ட வரிசையை ஜெ. பாலசுப்பிரமணியம் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார். அந்த வரிசையைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. உலகப் பத்திரிகைகள் கடன் வாங்கிய சொல்லுக்கு உரியவர்கள் வாயில்லாதவர்களாக இருக்கவில்லை. அவர்களும் பத்திரிகை ஆசிரியர்களாகவே இருந்து, அச்சில் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினார்கள்.

அயோத்திதாசரின் பக்கம் ஓரளவு வென்றது. 1922 ஜனவரி 20இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானம், அரசுப் பதிவேடுகளிலிருந்து 'பறையர்', 'பஞ்சமர்' என்ற பெயர்களை நீக்கி, தமிழ்ப் பகுதியில் 'ஆதி திராவிடர்' என்றும் தெலுங்குப் பகுதியில் 'ஆதி ஆந்திரர்' என்றும் எழுதக் கோரியது. மார்ச் 25இல் அரசாணை வந்தது. ராஜாவும் பரங்கிமலைக்காரர், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தவர்தான்.

சென்னை மாகாணம் தன் கோப்புகளில் சொல்லைக் கைவிட்ட பிறகே உலகச் செய்தியில் அதற்குப் புது வாழ்வு தொடங்கியது. 1970களில் தென்னாப்பிரிக்கா, ரொடீசியா, தைவான், சிலி போன்ற நாடுகளைப் பற்றிய எழுத்தில் 'பரையா ஸ்டேட்' பரவியது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்க்கவி 1977இல் அதைத் தலைப்பாகவே வைத்துக் கட்டுரை எழுதினார். இங்கே சொல்லின் பொருள் தலைகீழாகிறது. சேரியில் பிறந்தவன் செய்த குற்றம் எதுவும் இல்லை, பிறப்பே தண்டனை. செய்திப் பக்கத்தின் பரையாவோ படையெடுத்தவன், சொந்த மக்களைச் சுட்டவன், அணுகுண்டு சோதித்தவன். குற்றத்துக்காக ஒதுக்கப்பட்டவனுக்கு, குற்றமில்லாமல் ஒதுக்கப்பட்டவரின் பெயரைச் சூட்டும்போது, பழைய ஒதுக்கமும் ஏதோ நியாயத்தோடுதான் நடந்தது என்ற எண்ணம் வாசகர் மனதில் ஓசையில்லாமல் படிகிறது. சென்-பியேர் காலத்தில் ஒட்டியிருந்த இரக்கமும் உதிர்ந்துபோய்விட்டது.

தென்னாப்பிரிக்காவின் கதை இதில் மிக வினோதமானது. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளின் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தொடர்ந்து போன கப்பல்களில் செங்கல்பட்டு, வட ஆர்க்காட்டு மாவட்டச் சேரிகளிலிருந்து போனவர்கள் ஏராளம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் தனிக் குடியிருப்பில் அடைத்த நிறவெறி அரசுக்கு, அந்தப் பேரப்பிள்ளைகளின் பாட்டன் பெயரையே வசையாக வைத்தன உலகப் பத்திரிகைகள்.

ஆங்கிலத்தில் இதற்கு எதிர்மாறான சொல்லும் உண்டு. 1880இல் அயர்லாந்தில் குத்தகைக்காரர்களை வெளியேற்ற முயன்ற பண்ணை மேலாளர் சார்லஸ் பாய்காட்டை ஊரே ஒதுக்கியது. ஆள் வேலைக்கு வரவில்லை, கடைக்காரர் சாமான் தரவில்லை. சில வாரங்களில் பத்திரிகைகள் அவர் பெயரை வினைச்சொல் ஆக்கின. அங்கே சொல்லாகி நின்றது கொடுமை செய்தவரின் பெயர். மிராசுதாரரின் பெயர் எந்த அகராதியிலும் வசைச்சொல் ஆகவில்லை.

புலம்பெயர்ந்த இடங்களில் இந்தச் சொல் செய்திநடையின் உருவகமாக நிற்கவில்லை; நேரடி அவமதிப்பாகவே இறங்கியது. மலேசியாவில் 'பரியா' என்பது இந்தியர் எல்லோரையும் குறிவைக்கும் வசை. அப்துல்லா ஹுசேன் 1971இல் எழுதிய 'இன்டர்லோக்' மலாய் நாவல், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களை அந்தச் சாதிப் பெயரால் குறிப்பிட்டிருந்தது. 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு அது பாடநூலானபோது மலேசியத் தமிழர்கள் கொதித்தெழுந்தனர். திருத்தம் போதும் என்று ஒரு சாராரும், நூலையே விலக்க வேண்டும் என்று மறு சாராரும் மாதக்கணக்கில் வாதாடினர். அந்த ஆண்டின் இறுதிக்குள் அரசு நூலைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எதிர்ப்பின் உள்ளே இருந்த சிக்கலையும் சொல்ல வேண்டும். சாதியைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்துவது தவறு என்று கோபப்பட்டவர்களோடு, தங்களை அந்தச் சாதியில் சேர்த்துவிட்டார்களே என்று கோபப்பட்டவர்களும் நின்றார்கள்.

தமிழ்ப் பத்திரிகை மேசைக்கு வெளிநாட்டு நிறுவனச் செய்தி இந்தச் சொல்லோடு வந்து சேரும்போது, அதை எழுத்துப் பெயர்க்க முடியாது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு சாதிப் பெயரால் இழிவுபடுத்துவது தண்டனைக்குரிய குற்றம். அதற்கும் முன்பே தமிழ்க் காது அதை உருவகமாகக் கேட்க மறுத்துவிட்டது. அதனால் 'ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு', 'தனிமைப்படுத்தப்பட்ட நாடு' என்று எழுதுகிறார்கள். செய்திக்கு வேண்டிய பொருள் இதில் முழுமையாக வந்துவிடுகிறது. 'தீண்டத்தகாத நாடு' என்று எழுதினால் பழைய குழி வேறு பெயரில் திறக்கும். ஆனால் அதே சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வெளிவரும் ஆங்கில நாளிதழ்களில் சொல் இன்னும் தலைப்பில் இருக்கிறது. ஒரே நாளில் ஒரே செய்தியை இரு மொழியிலும் படிக்கும் காஞ்சிபுரத்துக் கல்லூரி மாணவருக்கு, ஆங்கிலத் தாளில் மட்டும் அது கண்ணில் படும்.